நான் அழித்த மூன்று வரிகள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினி சமாசாரமும் கலந்தது. "இது நமக்குப் புரியாது" என்று தள்ளிவிட வேண்டாம். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். 36 ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் அ, ஆவும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்தவன். கணினி என்பது என் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அது என் மேசைக்கு வந்தது.

இன்று எழுதப்போவது ஒரு மன்னிப்புக் கதை. மன்னிப்புக் கேட்டவன் நான். கேட்கப்பட்டவர் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்த மாணவர்.

அவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "சார், நம்ம ஸ்கூல்ல மணி அடிக்க ஆளே இல்லையாமே. தானா அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுக்கலாமா?" என்றார். எங்கள் பள்ளியில் தண்டவாளத் துண்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்கும். அதை அடிக்கும் பணியாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து ஓடும். எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது.

அவர் செய்த பெட்டி இதுதான். உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை 3 கணினி ஒன்று. அதற்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது என்பதால், பொத்தான் பேட்டரி போட்ட டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு ஒன்று. ஒரு ஆம்ப்ளிஃபையர். திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்று. காலை வணக்கத்துக்கு ஒரு ஒலி, பாடவேளை மாற ஒரு மணி, மதிய உணவுக்கு ஒரு மணி, வீட்டுக்குப் போக நீண்ட மணி. கரண்ட் போய் வந்தாலும் அட்டை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாம் வாசிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது என்று வைத்திருந்தார். ஆகவே நேர அட்டவணையை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒரு இமேஜ் உண்டாக்கி, மெமரி கார்டில் எழுதி, பெட்டியில் மாற்ற வேண்டும்.

ஒரு பள்ளியைப் பார்த்து மற்றொரு பள்ளி கேட்க, ஏழு பள்ளிகளுக்குப் பெட்டி போனது. பிறகு அவருக்கு ஓசூரில் ஒரு ஆலையில் வேலை கிடைத்தது. போகும்போது என்னிடம் சொன்னார்: "சார், பில்ட் மெஷினை உங்க வீட்லயே வெச்சுட்டுப் போறேன். தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடும். காலைல லாக்குல கடைசி வரியை மட்டும் பாருங்க. ஏதாவதுன்னா ஒரு போன் போடுங்க."

இந்த "பில்ட்" என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கேதான் கதை இருக்கிறது.

இந்தச் சின்னக் கணினிக்கு முழு டெஸ்க்டாப் லினக்ஸ் தேவையில்லை. மணி அடிக்கத் தேவையானது மட்டும் போதும். அப்படித் தேவையானதை மட்டும் மூல நிரலிலிருந்து கட்டி எடுத்து, கார்டில் எழுதத் தயாராக ஒரே கோப்பாகக் கொடுக்கும் கருவிக்குப் பெயர் பில்ட்ரூட். உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற மென்பொருள். 2009-லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் புதுப் பதிப்பு வெளியிடுகிறார்கள். பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். நமக்கு ஞாபகம் வைக்க எளிது.

இதில் இரண்டு பக்கம் உண்டு. கட்டும் கணினி ஒன்று, கட்டி முடித்தது போய்ச் சேரும் கணினி ஒன்று. முதலாவதை ஹோஸ்ட் என்கிறார்கள், இரண்டாவதை டார்கெட் என்கிறார்கள். என் வீட்டு மேசைக் கணினி ஹோஸ்ட். பள்ளியில் இருக்கும் பெட்டி டார்கெட். இரண்டின் மூளையும் வேறு வேறு ஜாதி. இதில் ஓடும் நிரல் அதில் ஓடாது. அதனால் பில்ட்ரூட் முதலில், இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே ஓடும் நிரலை உண்டாக்கத் தெரிந்த ஒரு கம்பைலரையே கட்டிக்கொள்ளும். அதோடு வேலைக்கு வேண்டிய இன்னும் பல கருவிகளையும் கட்டிக்கொள்ளும். இவை எல்லாம் அவுட்புட் என்ற ஃபோல்டருக்குள் ஹோஸ்ட் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். பெட்டிக்குள் போகவேண்டியவை டார்கெட் என்ற ஃபோல்டரில் சேரும். கடைசியில் இமேஜஸ் என்ற ஃபோல்டரில் கார்டுக்கான கோப்பு வந்து விழும்.

எதைக் கட்ட வேண்டும் என்று ஒரு மெனுவில் தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்வு முழுவதும் ஒரு கான்ஃபிக் கோப்பில் பதிவாகும். அது ஆயிரக்கணக்கான வரி. அதில் இயல்பாக இருப்பதை விட்டுவிட்டு, நாம் மாற்றியதை மட்டும் எழுதிவைக்க சேவ்டெஃப்கான்ஃபிக் என்று ஒரு கட்டளை உண்டு. எங்கள் மணிப் பெட்டிக்கு அது நாற்பது வரிக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்னக் கோப்புதான் எங்கள் பொக்கிஷம். அதை வைத்து எந்தக் கணினியிலும் மறுபடி கட்டிவிடலாம் என்பதுதான் நம்பிக்கை.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

கடந்த டிசம்பர். அரையாண்டுத் தேர்வு திங்கட்கிழமை தொடக்கம். தேர்வு நாட்களுக்கு மணி நேரம் மாறும். ஏழு பள்ளிக்கும் புது கார்டு வேண்டும். புதன்கிழமை காலை லாக் பார்க்கப் போனால் கணினியே எழவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைக்காரத் தம்பி "ஐயா, இதுல ஒண்ணும் எடுக்க முடியாது" என்று கைவிரித்தார். கோப்புகள் எல்லாம் கிட் என்ற மாற்றப் பதிவேட்டில் வெளியேயும் ஒரு பிரதி இருந்ததால் நான் பதறவில்லை. புது டிஸ்க் போட்டு, டெபியன் லினக்ஸை டெஸ்க்டாப் இல்லாமல் மொட்டையாக நிறுவி, கோப்புகளை இறக்கி, வெள்ளிக்கிழமை இரவு பில்டை ஓட்டினேன்.

தொடங்கியவுடனே நின்றது. ஆர்சிங்க் இல்லை, சிபியோ இல்லை, அன்ஜிப் இல்லை என்று வரிசையாகச் சொன்னது. இது சரிதான். பில்ட்ரூட் எல்லாவற்றையும் தானே கட்டிக்கொள்ளும் என்றாலும், கட்ட ஆரம்பிக்கவே சில அடிப்படைக் கருவிகள் ஹோஸ்டில் ஏற்கெனவே இருக்க வேண்டும். மேக், ஜிசிசி, பெர்ல், டார், பேட்ச் போன்றவை. கையேட்டில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தொடங்கும்போதே அது சரிபார்த்து, இல்லாததைச் சொல்லி நிறுத்திவிடும். நான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுவினேன். மறுபடி ஓட்டினேன். ஓடியது. பழைய கணினி, கம்பைலரிலிருந்து கட்டவேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்து, கடைசிப் படியில் தோற்றிருந்தது. "ஜென்இமேஜ், அப்படி ஒரு கட்டளை இல்லை." கீழே பிழை 127 என்று ஒரு எண்.

ஜென்இமேஜ் என்பது கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கார்டுக்கான ஒரே கோப்பாக்கும் கருவி. அதுதான் இல்லையாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளை மறுநாள் தேர்வு. ஏழு தலைமை ஆசிரியர்களிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்றுவரை ஓடிய பில்ட் இன்று எப்படி ஓடாமல் போகும்? இவன் தன் கணினியில் எதையோ கையால் போட்டு ஓட்டிவிட்டு, எழுதிவைக்காமல் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். போன் போட்டேன். அவர் இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்.

"என்ன தம்பி, அரைகுறையாச் செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கே? ஜென்இமேஜே பட்டியல்ல இல்லையே. நான் இப்ப ஏழு ஸ்கூலுக்கு என்ன பதில் சொல்றது? சின்ன வயசுல இருந்தே உனக்கு இந்தப் பழக்கம்தான்" என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லாதது. அவர் நான்காம் வகுப்பில் வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவார். அதற்குக் காரணம் அவர் வீட்டில் விளக்கு இல்லாதது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதெல்லாம் தெரிந்தும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாக்கறேன் சார்" என்று வைத்துவிட்டார்.

நான் காத்திருக்கவில்லை. இணையத்தில் தேடினேன். டெபியனிலேயே ஜென்இமேஜ் தயாராகக் கிடைக்கிறது என்று தெரிந்தது. நேற்று ஆர்சிங்க், சிபியோ எல்லாம் நிறுவியது போலவே இதையும், இதோடு சேர்ந்து வேண்டிய இரண்டையும் கணினியில் நிறுவினேன். மறுபடி ஓட்டினேன். ஏற்கெனவே கட்டியது எல்லாம் இருந்ததால் சில நிமிடத்தில் முடிந்தது. இமேஜ் வந்துவிட்டது. கார்டில் எழுதிப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிழையை நானே கண்டுபிடித்து நானே சரிசெய்துவிட்டேன் அல்லவா?

மாலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சார், கார்டு எல்லாம் எழுதிட்டீங்கன்னா சந்தோஷம். நேரம் கெடைக்கும்போது இந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டிப் பாருங்க." கீழே கிட் கட்டளை ஒன்று. அந்தச் சின்ன கான்ஃபிக் கோப்பில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று காட்டும் கட்டளை.

ஓட்டினேன்.

முதலாவதாக வந்தது ஆகஸ்ட் மாதத்து மாற்றம். சிவப்பில் மூன்று வரி, முன்னால் கழித்தல் குறி. ஹோஸ்ட் ஜென்இமேஜ். ஹோஸ்ட் டாஸ்எஃப்எஸ்டூல்ஸ். ஹோஸ்ட் எம்டூல்ஸ். செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது: "தேவையற்ற வரிகள் நீக்கம்."

நினைவு வந்துவிட்டது. ஆகஸ்டில் புதுப் பதிப்புக்கு மாறலாமா என்று பார்ப்பதற்காக அந்தக் கோப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதினேன். இந்த மூன்று வரி வந்தது. 'ஹோஸ்ட்' என்று போட்டிருக்கிறதே, இது பெட்டிக்குள் போகாதே, பிறகு எதற்குப் பட்டியலில்? பட்டியல் சுருக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று எடுத்துவிட்டேன். அன்றிரவு பில்ட் ஓடியது. காலையில் கடைசி வரி "வெற்றி". நான் செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் காலையிலேயே இதைப் பார்த்திருப்பார். "சார், அது நீங்க செஞ்சது" என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே பார்க்கட்டும் என்று விட்டார். 36 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு நான் அந்த மரியாதையைக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்தேன்.

போன் போட்டேன். "தம்பி, தப்பு என்னுது. காலைல நான் பேசினதும் தப்பு. சின்ன வயசைப் பத்திச் சொன்னது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கோப்பா" என்றேன்.

"ஐயோ, என்ன சார் நீங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாதித் தப்பு என்னுது சார். நாலு மாசமா அது 'வெற்றி'ன்னு பொய் சொல்லியிருக்கு. அப்படிச் சொல்ற மாதிரி வெச்சவன் நான்தான்" என்றார்.

எப்படி என்று அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். தினமும் ராத்திரி ஓடும் பில்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டவில்லை. மின்சாரமும் நேரமும் மிச்சமாகட்டும் என்று, ஏற்கெனவே கட்டியதை வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் சேர்க்கும்படி வைத்திருந்தார். பில்ட்ரூட்டில் ஒரு விஷயம் உண்டு. பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கினால், ஏற்கெனவே கட்டி வைத்ததை அது தானாக அழிக்காது. ஆகவே நான் வரியை நீக்கிய பிறகும், பழைய ஜென்இமேஜ் அந்த ஹோஸ்ட் ஃபோல்டரில் இருந்துகொண்டேதான் இருந்தது. கடைசிப் படி தினமும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. டிஸ்க் போனபோதுதான் பழையது எல்லாம் போய், பட்டியலில் இருப்பது மட்டும் மிஞ்சியது. பட்டியலில் அது இல்லை.

"சரி, அதான் இப்ப கணினில நிறுவிட்டேனே. இனிமே கவலை இல்லையே?" என்றேன்.

"அங்கதான் சார் இருக்கு. இப்ப கருவி உங்க மெஷின்ல இருக்கு, பட்டியல்ல இல்ல. இந்த டிஸ்க்கும் ஒருநாள் போகும். அப்ப நீங்களும் நானும் இல்லாம வேற யாரோ கோப்பை இறக்கி ஓட்டுவாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதோட டெபியன் தர்ற ஜென்இமேஜ் ஒரு பதிப்பு, பில்ட்ரூட் தர்றது ஒரு பதிப்பு. இன்னிக்கு ரெண்டும் ஒத்துப்போச்சு. எப்பவும் ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது."

"அப்போ ஆர்சிங்க், சிபியோ எல்லாம் மெஷின்லதானே நிறுவினேன்?"

"அது கையேட்டுலயே எழுதியிருக்கு சார். இல்லைன்னா ஆரம்பத்துலயே நிறுத்திச் சொல்லிடும். இது அப்படி இல்ல."

எனக்கு இன்னொரு சந்தேகம். கட்டும்போது எத்தனையோ ஹோஸ்ட் கருவிகளைப் பில்ட்ரூட் தானாகவே கட்டிக்கொள்கிறது. நாம் எழுதவே இல்லை. பெட்டியின் உள்கோப்புகளுக்கு எக்ஸ்ட்4 அமைப்பு வேண்டும் என்று சொன்னால், அதற்கான கருவியைக் கேட்காமலே கட்டிக்கொள்கிறது. ஜென்இமேஜை மட்டும் ஏன் நாம் சொல்ல வேண்டும்?

அவர் சொன்ன பதில்தான் எனக்கு முழுதும் புரியவைத்தது. பில்ட்ரூட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பிலேயே "இதைக் கட்ட இன்ன ஹோஸ்ட் கருவி வேண்டும்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து அது தானாகச் செய்துகொள்ளும். ஆனால் கடைசிப் படியில் கார்டுக் கோப்பைச் சேர்ப்பது நாம் வைத்திருக்கும் சின்ன ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் உள்ளே எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது என்று பில்ட்ரூட்டுக்குத் தெரியாது. அதை நாம்தான் 'ஹோஸ்ட் யுடிலிட்டீஸ்' என்ற மெனுவில் போய்த் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். ராஸ்பெரி பைக்காகப் பில்ட்ரூட்டோடு வரும் மாதிரிக் கோப்புகளிலேயே இந்த மூன்று வரியும் இருக்கின்றன. அவர் அங்கிருந்து எடுத்ததைத்தான் நான் வெட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனில் பேசிக்கொண்டே திருத்தினோம். முதலில் கணினியில் நான் நிறுவிய மூன்றையும் நீக்கச் சொன்னார். "மூணு வரியையும் சேத்துப் போடாதீங்க சார். ஒவ்வொண்ணாப் போட்டு ஓட்டுங்க. எது எதுக்குன்னு கண்ணால பாத்துரலாம்" என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறையே எனக்குத் திரும்பி வந்தது.

ஜென்இமேஜை மட்டும் சேர்த்தேன். அது ஓடத் தொடங்கி, வேறிடத்தில் நின்றது. ராஸ்பெரி பை கார்டில் முதல் பகுதி ஃபேட் அமைப்பில் இருக்க வேண்டும். பெட்டி விழிக்கும்போது அதைத்தான் முதலில் படிக்கும். அந்த அமைப்பை உண்டாக்கும் கருவி இல்லை என்றது. அதற்குத்தான் டாஸ்எஃப்எஸ்டூல்ஸ். சேர்த்தேன். மறுபடி நின்றது. உண்டாக்கிய அந்தப் பகுதிக்குள் கோப்புகளை நகலெடுக்கும் கருவி இல்லை. அதற்கு எம்டூல்ஸ். அதையும் சேர்த்தேன். முடிந்தது. பிறகு மேக் கிளீன் கொடுத்து, கட்டியது அத்தனையையும் அழித்து, முதலிலிருந்து ஓட்டினோம். பிற்பகலில் "வெற்றி" வந்தது. இந்த வெற்றியை நம்பலாம்.

அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு இது தோன்றியது.

ஆசிரியர் பயிற்சியில் படித்தவர்களுக்குப் பாடக்குறிப்பேடு ஞாபகம் இருக்கும். பாடத்தலைப்பு, நோக்கம், அடுத்து 'துணைக்கருவிகள்' என்று ஒரு கட்டம். மணிச்சட்டம், படஅட்டை, புளியங்கொட்டை, எதுவானாலும் அதில் எழுத வேண்டும். பயிற்சி மாணவர்கள் என் வகுப்புக்கு வருவார்கள். பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். "சார், அது பிள்ளைங்க நோட்டுல வராதே" என்பார்கள். நான் சொல்வேன்: "நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா வேற டீச்சர் இந்தக் குறிப்பை எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போவாங்க. புளியங்கொட்டை வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை நோட்டுல வராததாலதான் இங்க எழுதணும்." எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சிலருக்குக் கையெழுத்துப் போடாமல் திருப்பியும் கொடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அதே கட்டத்தைத்தான் அழித்திருக்கிறேன். காரணமும் அவர்கள் சொன்னதேதான். பெட்டிக்குள் போகாது, அதனால் தேவையில்லை.

இதை எழுதும்போது இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். தண்டவாளத் துண்டை அடித்த எங்கள் பணியாளர். தேர்ச்சி விகிதத்தில் அவர் பெயர் வராது. ஆண்டுவிழா மேடையில் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. அவர் போன மறுநாள்தான், முதல் பாடவேளை எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாமல் நான்கு ஆசிரியர்களும் வராந்தாவில் நின்றோம்.

சரி, பாடம் படித்த பிறகு நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். இது போன்ற வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு உதவலாம்.

வாரநாட்களில் பழையபடி மாறியதை மட்டும் கட்டுகிறது. சனிக்கிழமை இரவு மட்டும் அவுட்புட் முழுவதையும் அழித்து முதலிலிருந்து கட்டுகிறது. இறக்கிய மூல நிரல்கள் தனி ஃபோல்டரில் இருப்பதால் மறுபடி இறக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலை லாக்தான் நான் உண்மையில் நம்பும் லாக். திங்கட்கிழமை பள்ளி திறக்குமுன் திருத்த ஒருநாள் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பில்டை டாக்கருக்குள் ஓட்டுகிறோம். பில்ட்ரூட்டோடு அதற்கென்றே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வருகிறது. என் கணினியில் நான் தெரிந்தோ தெரியாமலோ நிறுவி வைத்திருப்பது எதுவும் உள்ளே தெரியாது. பட்டியலில் விட்டது இருந்தால் வாரத்துக்குள் வெளியே வந்துவிடும்.

எங்கள் கடைசிப் படி ஸ்கிரிப்ட், வேலையைத் தொடங்குமுன் தனக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் "ஹோஸ்ட் மெனுவில் இதைச் சேர்க்கவும்" என்று தமிழிலேயே சொல்லி நிற்கிறது.

கடைசியாக, ஏன் என்பதையும் எழுதுகிறோம். அந்தச் சின்ன கான்ஃபிக் கோப்பிலேயே குறிப்பு எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்தமுறை சேவ்டெஃப்கான்ஃபிக் கொடுக்கும்போது அது புதிதாக எழுதப்பட்டு, நம் குறிப்புகள் போய்விடும். அதனால் மாற்றம் செய்யும்போது காரணத்தைக் கிட்டில் நான்கு வரியாவது எழுதுகிறோம். "தேவையற்ற வரிகள் நீக்கம்" என்று இனி நான் எழுதமாட்டேன். தேவை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிறு மாலைதான் ஏழு கார்டும் எழுதி முடித்தேன். ஐந்து பள்ளிக்கு முதல் மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் தூரம். அங்கே தேர்வின் முதல் நாள் தண்டவாளத் துண்டுதான் அடித்தார்கள். அந்த இரண்டு தலைமை ஆசிரியர்களிடம், "தவறு என்னுடையது, செய்து கொடுத்தவர் மேல் இல்லை" என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்.

பொங்கலுக்கு அந்தத் தம்பி ஊருக்கு வந்திருந்தார். அந்த ஸ்கிரிப்டை எனக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். பாதியில் எனக்குப் புரியாமல் போனபோது, "பரவால்ல சார், நாளைக்குப் பாக்கலாம்" என்றார். வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்ட பிள்ளையிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பதிவை முடிக்கிறேன். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ, ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கும் துணைக்கருவி ஏதாவது இருக்கும். அம்மாவின் ஊறுகாய்க் கணக்கு, தண்ணீர் மோட்டாரைக் கிளப்ப அப்பா மட்டும் அறிந்த ஒரு தட்டு, அலுவலகத்தில் யாரோ ஒருவர் மட்டும் அறிந்த ஒரு சாவி. இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள். எனக்கு ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டபிறகுதான் அது தோன்றியது.

கணினி அறிந்த நண்பர்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் கருத்தில் திருத்துங்கள். கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இன்று சனிக்கிழமை. இரவு முழு பில்ட் ஓடும். காலையில் எழுந்து கடைசி வரியைப் பார்க்க வேண்டும்.